வெயிலில் வைத்த வைன்

லோசானில் இருந்து ஏரிக்கரையோடு கிழக்கே போனால் மலைச்சரிவு முழுக்கக் கல் அடுக்கிப் படிபடியாகக் கட்டிய முந்திரிகைத் தோட்டங்கள், திராட்சைத் தோட்டங்கள், வரும். எண்பதுகளின் நடுவில் நானும் என் கணவரும் அவற்றில் ஒன்றில் குடியிருந்தோம். அவர் எனக்கு முன்னமே வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்து, முகாமில் கிடந்து, பிறகு அந்த வேலை கிடைத்தவர். நான் வந்து சேர்ந்தபோது பழம் பிழிகிற கட்டடத்துக்கு மேலே இருந்த அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். கீழே இருந்து புளித்த வாசம் எந்நேரமும் மேலே வரும். முதல் மாதம் எனக்குச் சாப்பாடு இறங்கவேயில்லை.

தோட்டம் ஒரு குடும்பத்தினுடையது. முசியே என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளி, மதாம் என்ற அவருடைய மனைவி, அவர்களின் ஒரே மகன். மூன்று பேரும் விடிந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எங்களோடு சேர்ந்து இறங்கி வேலை செய்வார்கள். மகன் என் கணவரைவிட இரண்டொரு வயது இளையவர். அறுவடைக்கு வந்த எங்கள் ஊர்ப் பெடியன்கள் இவரை “அண்ணை, அண்ணை” என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று நினைத்து, மகனும் “அனே” என்று கூப்பிடத் தொடங்கினார். அது பெயரில்லை என்று நான் விளங்கப்படுத்திய பிறகும் விடவில்லை.

“கூப்பிடட்டும் விடும். எனக்கும் இஞ்ச ஒரு தம்பி இருந்தாலென்ன” என்றார் இவர்.

இவருடைய வீட்டிலும் முந்திரிகை நட்டவர்கள்தான். ஆனால் அங்கே தலைக்கு மேலே பந்தல்; இங்கே முழங்கால் உயரத்துக் கட்டைகள். குனிந்து குனிந்தே நாரி விட்டு, இடுப்பு நிமிராது. இரவில் நான் எண்ணெய் தடவிவிடும்போதெல்லாம் இந்தப் பந்தல் கதையைச் சொல்லி முனகுவார்.

முசியேயின் சிவப்பு வைன் நிலத்துக்குக் கீழே, குளிரில், பீப்பாய்களில் வருடக்கணக்காகக் கிடக்கும். போத்தலில் அடைத்த பிறகும் இன்னும் சில வருடங்கள் இருட்டில் படுத்திருக்கும். சில போத்தல்கள் மகனைவிட வயதானவை. மதாமின் வைன் வேறு. அவர் பிரான்சின் தெற்கில், கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவர். அங்கே பழச்சாறு பொங்கிக்கொண்டிருக்கும்போதே அதை வடித்தெடுத்து, கடும் சாராயத்தை ஊற்றிப் பொங்குவதை நிறுத்திவிடுவார்களாம். பாதி இனிப்பு அப்படியே நின்றுவிடும். அதைப் பெரிய கண்ணாடிச் சாடிகளில் ஊற்றி முற்றத்தில் வைப்பார்கள். ஒரு வருடம் வெயிலும் பனியும் அதன்மேல் விழும். பிறகுதான் பீப்பாய், அதையும் நிலத்துக்குக் கீழே வைப்பதில்லை, கூரைக்குக் கீழே, ஓட்டுச் சூட்டில். மதாம் கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து இதைச் செய்துவந்தார். நிறைய இல்லை, வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்குமாகக் கொஞ்சம்.

“மதாம் வைனைக் கருவாடு போடுறா” என்று இவர் சிரிப்பார்.

எனக்குப் போத்தல் கழுவுகிற வேலை, லேபல் ஒட்டுகிற வேலை. மதாமும் என்னோடு ஒரே மேசையில் இருப்பார். என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சுக்கு ஏற்றபடி சின்னச் சின்ன வசனங்களாகத்தான் கதைப்பார். நானும் அப்படியே பதில் சொல்லுவேன். மூன்றாம் நான்காம் சொல்லுக்கே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

நான் வந்த பிறகு இரண்டாவது அறுவடை. அந்த வருடம் வெயில் நீண்டு எறித்து, பழம் நன்றாக இனித்திருந்தது. ஒரு தொட்டிச் சிவப்பைத் தனக்குத் தரும்படி மதாம் கேட்டார். முசியேயும் சரி என்றார். அதனால் அந்தத் தொட்டியை மட்டும் முழுதாகப் பொங்கி முடியும் முன்பே, பாதியில் வடித்தார்கள்; சாராயம் இன்னும் ஊற்றவில்லை. அடியில் தோலும் விதையும் இனிப்போடேயே மிஞ்சிக் கிடந்து, இன்னும் பொங்கிக்கொண்டிருந்தன.

பழம் பொங்கும்போது ஒரு காற்று வரும். கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். அதற்குள் தலை போனால் இரண்டாவது மூச்சு எடுக்க முடியாது. அந்தத் தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். இறங்குமுன் மெழுகுதிரியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்கமாட்டார்கள். அன்றைக்கு மகன் மெழுகுதிரி விட்டுப் பார்த்தாரோ என்னவோ. பிறகும் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். நான் மேலே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கீழே முசியே கத்தினார். “அனே!” என்றுதான் கத்தினார். அதுவரை ஒருநாளும் அவர் இவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

நான் கீழே ஓடியபோது மகனை நிலத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. மதாம் அவர் நெஞ்சை அமத்தி அமத்தி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முசியே தொட்டியின் வாய்மேல் குப்புறக் கிடந்தார். ஒரு கை தோள்வரை உள்ளே. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அவருடைய இரண்டு காலையும் கட்டிப் பிடித்திருந்தார், அவரும் உள்ளே போய்விடாமல். இவரை எங்கும் காணவில்லை. எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

தோலை வாரி வெளியே எடுக்க மகன்தான் முதலில் இறங்கியிருக்கிறார். விழுந்த சத்தம் கேட்டு இவர் இறங்கியிருக்கிறார். மகனைத் தோளில் தூக்கி மேலே தள்ளிவிட, முசியேயும் அயலவரும் கக்கத்தில் பிடித்து இழுத்து எடுத்திருக்கிறார்கள். பிறகு விளிம்பில் இவருடைய கை ஒருதரம் தெரிந்ததாம். முசியே பிடிக்கப் போக, கை இல்லை.

தீயணைப்புக்காரர் முகமூடி போட்டு இறங்கித்தான் இவரை எடுத்தார்கள்.

லோசானில் எரித்தோம். நான் முன்பின் பார்த்திராத தமிழ்ச் சனமெல்லாம் வந்தது. ஒரு பெண் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து நின்றாள். கொழும்பில் இருந்த ஒருவர் மூலம் ஊருக்குச் செய்தி போனது. மாமிக்கு, இவருடைய அம்மாவுக்கு, முதலில் மகனுக்குச் சுகமில்லை என்றுதான் சொன்னார்களாம்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு ஒருநாள் படியிறங்கினேன். முற்றத்தில் கண்ணாடிச் சாடிகள் நிறைந்து வெயிலில் நின்றன. உள்ளே புது வைன், சிவப்பாக. நான் மதாமிடம் போனேன்.

“ஆர் இதைச் செய்தது?”

“நானில்லை. முசியேதான்.”

“எப்ப?”

 “அண்டைக்குப் பின்னேரமே” என்றார்.

என் கணவர் செத்த அன்றைக்கு, பின்னேரமே, இந்த மனுஷன் நின்று சாராயம் அளந்து ஊற்றி வைனைக் காப்பாற்றியிருக்கிறார்.  அன்றோடு முசியேயிடம் கதைப்பதை நிறுத்தினேன். வேலை சொன்னால் செய்வேன். காலையில் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மதாம் லேபல் மேசையில் ஒருமுறை மட்டும் சொன்னார்: “அந்தத் தொட்டியை நான் கேளாமல் இருந்திருந்தால்...” நான் அடுத்த லேபலை ஒட்டினேன். ஆறுதலாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்போது என்னிடம் அது இருக்கவில்லை. அதன்பிறகு அவர் அந்த வைனை ஒரு வருடமும் செய்யவில்லை.

மகன் உயிர் தப்பினார். ஆனால் கீழ்க்கட்டடத்துக்குள் கால் வைக்க முடியவில்லை; வாசம் வந்தாலே சத்தி எடுப்பார். ஒருநாள் அப்போதுதான் சுட்ட ஒரு பாணோடு என் கதவடியில் வந்து நின்றார்.

“உங்களுக்கு என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை.”

“ஒண்டும் சொல்ல வேண்டாம். உள்ள வாங்கோ.”

அவர் வரவில்லை. பாணைத் தந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வசந்தத்தில் லோசானுக்குப் போய் பஸ் ஓட்டப் பழகினார்.

நான் ஏன் அங்கேயே இருந்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது என்று அவர்களுக்குச் சொல்லுவேன். அது உண்மைதான். இவர் வெள்ளையடித்த சுவர் அங்கேதான் இருந்தது என்பதும் உண்மை. ஒரு மூலையில் தூரிகை மயிர் ஒன்று சுண்ணாம்போடு ஒட்டிப்போய் இருந்தது. அதை நான் பிடுங்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் மதாமுக்கு வயிற்றில் நோய் வந்தது. குளிர்காலம் முழுக்கப் படுக்கை. நான் கஞ்சி வைத்துக் கொண்டுபோவேன்; உப்புப் போட்ட சோற்றுக்கஞ்சி அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரு பின்னேரம் முசியேயைக் கூப்பிட்டு, அந்த வருடத்துச் சாடிகளை ஊற்றிக் கூரைக்குக் கீழே வைத்த பீப்பாயில் இருந்து கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார். எந்தப் பீப்பாய் என்று முசியே கேட்கவில்லை.

சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கொண்டுவந்தார். சிவப்பு போய், தேயிலைச் சாயத்தின் நிறம் வந்திருந்தது. மதாம் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“நான் குடிக்கிறதில்லை, மதாம்.”

“தெரியும். எனக்காக ஒருக்கா வாயில வையும்.”

வைத்தேன். பனங்கட்டியைக் கருகக் காய்ச்சியது போல ஒரு இனிப்பு. அதற்குப் பின்னால் தோடம்பழத் தோலின் கசப்பு. விழுங்கிய பிறகும் அது தொண்டையில் வெகுநேரம் நின்றது.

“நல்லாயிருக்கோ?”

இல்லை என்று பொய் சொல்ல நினைத்தேன். “ஓம்” என்றேன்.

மதாம் கண்ணை மூடிக்கொண்டார். “பழுதாப் போக வேணும் எண்டு ஒவ்வொரு வருஷமும் நினைச்சன். மேலே போய்ப் பாப்பன். பழுதாகேல்லை. வரவர நல்லாகிக்கொண்டுதான் போகுது.”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். “நீங்கள் கேட்டதாலை இல்லை, மதாம்” என்றேன். அவ்வளவு வருடம் கழித்துத்தான் அது என் வாயில் வந்தது. அவருக்குக் கேட்டதோ தெரியாது, கண்ணோரம் நனைந்திருந்தது. பனி கரையுமுன் போய்விட்டார்.

பிறகு பெரிய வீட்டில் முசியே ஒருவர், மேல் அறையில் நான் ஒருத்தி. மகன் திரும்பி வரமாட்டார் என்று முடிவாகித் தோட்டத்தை அயலவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கீழே கிடந்த பழைய சிவப்பு முழுவதையும் ஒரு ஓட்டல்காரர் எடுப்பதாக இருந்தது. நானும் முசியேயும் போத்தல் துடைத்துக்கொண்டிருந்தோம். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அவர் சொன்னார்:

“அண்டைக்கு ஆஸ்பத்திரியால வந்தனான். உம்மட கதவடிக்கு வந்திருக்க வேணும். படியில பாதி ஏறினனான். உள்ளே நீர் அழுகிற சத்தம் கேட்டுது. மேலை ஏற எனக்குப் பயம். திரும்பி இறங்கினன். கை சும்மா நிக்கேல்லை. அதாலைதான் அந்த வேலையைச் செய்தன்.”

நான் துணியைக் கீழே வைத்தேன்.

“வந்திருக்கலாம், முசியே.”

“ஓம்” என்றார். “வந்திருக்கலாம்.”

 மிச்சப் போத்தல்களையும் துடைத்து முடித்தோம். அன்று நான் அவருக்கும் சேர்த்துச் சமைத்தேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய, சோற்றுக் கோப்பையைத் தள்ளாமல் சாப்பிட்டு முடித்தார்.

கூரைக்குக் கீழே இருந்த அந்த ஒரு பீப்பாயை அவர் விற்கவில்லை. அயலவர் விலை கேட்டும் கொடுக்கவில்லை. எனக்கு லோசானில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை கிடைத்தது. நான் போகிற அன்று என் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அத்தனை கற்படியும் இறங்கி பஸ் நிறுத்தம்வரை வந்தார். பஸ் வரும்வரை நின்றார்.

“அறுவடைக்கு வாரும்” என்றார்.

“வாறன்” என்றேன்.

நான் போகவில்லை. அடுத்த வருடமும் தொலைபேசியில் கேட்டார். அப்போதும் வாறன் என்றுதான் சொன்னேன். அதற்கடுத்த வருடம் மகன்தான் கூப்பிட்டார். முசியேயின் செத்தவீட்டுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லுவதற்கு.