எண்ணூர் ஆற்றுக்கு ஒரு சாவுப் பாட்டு

எண்ணூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு நாடகம் போட்டேன். இன்றைக்கும் யாராவது அதைப் பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாடகத்தில் ஆறு செத்துப்போயிருக்கும். ஒரு நீலப் புடவையைச் சுருட்டி மேடை நடுவில் கிடத்தி மாலை போட்டிருப்போம். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் கானா பாடுவார்கள். போனவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு என்ன செய்தார் என்று சொல்லிச் சொல்லிப் பாடுவார்கள். அதே மாதிரி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் புடவையைச் சுற்றி உட்கார்ந்து, சாம்பலும் எண்ணெயும் ஆற்றைக் கொன்ற கதையைப் பாட வேண்டும். முதல் குரல் ஒரு பெண்ணுடையது. கரகரப்பான, பயமே இல்லாத குரல். வரிகள் எல்லாம் என்னுடையவை.

தலைமையாசிரியர் படித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். மேடையைக் கட்டிக்கொடுத்ததே ஆற்றில் சாம்பலை விடுகிற பக்கத்துத் தொழிற்சாலைதான். அதன் அதிகாரிதான் சிறப்பு விருந்தினர். சாம்பல் வருகிற இரண்டு சரணத்தையும் எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் பயந்தாங்கொள்ளி, நான் தைரியசாலி. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். ஆற்றில் இடுப்பளவு இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து, காலடிப்பேட்டை மார்க்கெட்டில் கூறு போட்டு விற்பவள். சாவு விழாத இடத்தில் சாவுப் பாட்டு பாடினால் ஆகாது என்று ஆரம்பித்தாள். மூடநம்பிக்கை பற்றி நான் பாடம் எடுக்க வாயைத் திறப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"நான் டெய்லி அதுலதான் எறங்கிகினு கீறேன் டீச்சர். அது செத்துப்பூட்ச்சின்னு என் பொண்ணு வாயாலயே பாட வெச்சா, நாளைக்கு என் எறாலை எவ வாங்குவா?"

உண்மையை ஊருக்குச் சொன்னால்தான் ஆறு பிழைக்கும் என்றேன்.

"நீங்க வாங்குவீங்களா?"

"வாங்காம?" என்றேன், நாக்கு கூசாமல். டீச்சர் சொன்னால் சரிதான் என்று போய்விட்டாள்.

ஒரு வரியும் வெட்டாமல் நாடகம் நடந்தது. அதிகாரி எழுந்து போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைதட்டினார். மாணவர்களின் சுற்றுச்சூழல் விழிப்புணர்வைப் பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார். வெட்கமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

யாரோ எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. அந்தக் குரலை யாரால் மறக்க முடியும்? காலடிப்பேட்டையில்தான் என் வீடும். மார்க்கெட்டில் நானே பார்த்தேன். எண்ணூர் இறாலா என்று கேட்டுவிட்டு அவள் அம்மாவின் கூடையைத் தாண்டிப் போனார்கள். நான் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள், கையில் உரித்த இறால் பையோடு. மகளும் பக்கத்தில் இருந்தாள்.

"மீந்துப்பூட்ச்சி டீச்சர். நீங்கனா துன்னுவீங்கன்னு எட்த்தாந்தேன்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் தேவலை. நிஜமாகவே நம்பிக் கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் ஆற்று இறாலை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு நான்தான் நிறுத்தினேன். காசிமேட்டிலிருந்து கடல் இறால்தான் வாங்குவோம். பையைத் தெருமுனையில் பூனைகளுக்குக் கொட்டினேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்து, இறால் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டு வரச் சொன்னதாகச் சொன்னாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன்.

அடுத்த வாரமும் அவள் அம்மா கொடுத்தனுப்பினாள்.