பாரம் ஏற்றினால் நின்றுவிடும் வேன்

பிள்ளைகளே, அப்பா இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று உங்கள் அம்மா எல்லாரிடமும் பெருமையடிக்கிறாள். பெரும்பாலும் உண்மைதான். சாப்பாட்டு அக்காவின் வேன் விஷயத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அக்கா லிட்டில் இந்தியாவில் சமைத்து, தினமும் மதியச் சாப்பாட்டை வேனில் ஏற்றி, பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோவார். மேம்பாலம் ஏறும்போது வேன் திணறித் திணறி நின்றுவிடுகிறது என்று என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

"தம்பி, இன்னொரு நாள் லேட்டானா வேற ஆள பாத்துக்குறோம்னு அங்க சொல்லிட்டாங்க. ஒரு கடையில ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லங்குறான். இன்னொருத்தன் இன்ஜினையே மாத்தணுங்குறான். நீ என்ன சொல்ற?"

"முதல்ல சாமான ஏத்துங்கக்கா."

"ஏன், உனக்குப் பசிக்குதா?"

"காலி வண்டி எல்லார்கிட்டயும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும்."

அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த மாடிக் கார்பார்க்குக்குப் போனோம். சமதளத்தில் வேன் பூப்போல ஓடியது. இரண்டாவது ஏற்றத்தில் உதறியது, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு மினுக்கியது, நின்றுவிட்டது.

"பாத்தியா! நான் பொய் சொல்றேன்னானே அந்தப் பய!" அக்காவுக்கு வண்டி நின்றதில் அவ்வளவு சந்தோஷம்.

கோளாறு காட்டும் ஸ்கேனரை வண்டியில் செருகினேன். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் எரியவில்லை என்று காட்டியது. எனக்குத் தெளிவாகிவிட்டது. பாரம் இல்லாதபோது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, தீப்பொறி எளிதாகப் பாயும். பாரம் ஏறினால் அழுத்தம் கூடும். வெளியே கசிய ஒரு வழி இருந்தால் தீப்பொறி அந்த வழியே போய்விடும், உள்ளே பெட்ரோல் எரியாது. அந்த வழியைக் கண்டுபிடித்தால் போதும்.

இன்ஜின் ஆறியதும் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும், அதன் மேலிருந்த காயிலை உருவினேன். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழைபோல் ஒரு கருங்கோடு, தீப்பொறி வெளியே கசிந்த தடம். பொருக்கைச் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்பில் வாடிக்கையாளர்களின் வண்டிகளுக்கும் பூஜை போடுவோம். மற்றவர்கள் பானட்டில் பொட்டு வைப்பதோடு விட்டுவிடுவார்கள். நான்தான் இந்த முறை, போட்டால் இன்ஜினுக்கே போட வேண்டும் என்று மேல்மூடியைக் கழற்றி, பன்னீரில் கரைத்த சந்தனத்தைக் கைநிறைய அள்ளித் தெளித்தேன். அன்று அக்காவும் என் பக்கத்தில் கைகூப்பி நின்றார்.

"என்னப்பா அது, ஆயிலா?"

ஆமாம் என்றால் அதோடு முடிந்திருக்கும். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

"சந்தனம்கா. பூஜையன்னிக்கு நான் தெளிச்சது உள்ள இறங்கியிருக்கு. என் தப்புதான்."

அக்கா குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, எந்தச் சாமி குத்தமோன்னு ரெண்டு வாரமா கோயில் கோயிலா அழுதுட்டு வர்றேன். நேரா உன்கிட்ட வந்து அழுதிருக்கலாம் லா!"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். குழியைச் சுத்தம் செய்து, புது பிளக்கும் காயிலுக்குப் புது ரப்பரும் போட்டேன். அதே மூட்டைகளோடு உச்சி மாடிவரை ஏறினோம். ஓர் உதறல்கூட இல்லை. மறுநாள் தொழிற்சாலை வாசலிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, கேட்டையே இன்னும் திறக்கல. நான் வந்து நிக்கிறேன்!"

பூஜையன்று நான் சந்தனம் தெளித்த மற்ற வண்டிகளையும் வரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மிச்சமிருந்தது நம் வண்டி; அதற்கும் தெளித்திருந்தேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மத்தியானம், நான் மட்டும் நின்று அதன் நான்கு காயில்களையும் உருவி, உலர்ந்த துணியைக் குச்சியில் சுற்றி, குழி குழியாகத் துடைத்தேன்.