என்னிடமிருந்து அவருக்கு

எனக்கு முதலில் நொந்தது தொண்டையல்ல, முழங்கால்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள், நிற்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரம் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே குளிரெடுத்தது.

மூன்று நாள் காய்ச்சல். பனடோல் மாத்திரையும் கொத்தமல்லித் தண்ணீரும் குடித்துக்கொண்டு படுத்திருந்தேன். நான்காம் நாள் எழுந்தேன். அன்றுதான் என் கணவர் பிரான்சிஸ் இரும ஆரம்பித்தார்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. கண்டி டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலை. பல வருடங்களாக நீரிழிவு. மருந்தெடுக்கப் போகும் கிளினிக்கில் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். “அந்த ஊசியே காய்ச்சலக் கொண்டு வருமாம். வேணாங்க” என்று தடுத்தவள் நான். பாடசாலையில் யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன்.

“ஒனக்கு மூணு நாள்ல போயிருச்சு. எனக்கும் போயிரும், லில்லி” என்றார்.

நான்காம் நாள் அவருக்கும் காய்ச்சல் விட்டது போலிருந்தது. நிம்மதியாகத் துணி துவைத்தேன். மறுநாள் காலை உடம்பு மீண்டும் கொதித்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, “மூச்சு பாதியிலேயே நிக்குது” என்றார். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கொண்டுபோனேன். எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியும் வெளுத்திருந்தன. ஃப்ளூ முற்றி நியூமோனியா (நுரையீரல் அழற்சி) ஆகியிருக்கிறது என்றார் டொக்டர். யாழ்ப்பாணத்துப் பெண்.

“ஃப்ளூவையும் சும்மா சளி, தடிமன் எண்டு நினைச்சிட்டீங்கள் போல. நீரிழிவு இருக்கிற ஆக்களை இது மோசமாத் தாக்கும்.”

“என்கிட்ட இருந்துதானே தொத்தியிருக்கும், டொக்டர்?”

அவர் பொய் சொல்லவில்லை. “ஓம், அப்பிடித்தான் இருக்கும். காய்ச்சல் தெரியிறதுக்கு முதல் நாளே பரவத் தொடங்கிடும். நீங்கள் அறிஞ்சு செய்யேல்லை.”

அன்று பின்னேரமே அவருக்குச் செயற்கைச் சுவாசம் (குழாய் வழியே இயந்திரம் கொடுக்கும் மூச்சு) வைத்தார்கள். வெளியே மர வாங்கில் என்னோடு உட்கார்ந்து இன்னொரு பெண் காத்திருந்தாள். அவளது கணவருக்கும் இதே நோய். தினமும் எனக்கு பிஸ்கட் நீட்டுவாள். ஐந்தாம் நாள் அவள் வரவில்லை. உள்ளே போனபோது, அவளது கணவர் கிடந்த பக்கத்துக் கட்டிலில் புதிய விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். வீடு திரும்ப மேலும் இரண்டு வாரமானது. திரும்பியவரின் குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

அடுத்த ஃப்ளூ பருவத்துக்கு முன்பே நாங்கள் இருவரும் அதே ஆஸ்பத்திரிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனோம்.

“போட்டா மறுபடி வராதா?” என்று கேட்டார் பிரான்சிஸ்.

“வரலாம்,” என்றார் அதே டொக்டர். “ஆனா இப்பிடி வந்து படுக்கிற ஆபத்துக் குறையும். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், அதால வருசா வருசம் போடவேணும். இந்த ஊசியில உயிருள்ள வைரஸ் இல்லை. அது ஃப்ளூவைத் தராது.”

கை ஒரு நாள் நொந்தது, அவ்வளவுதான். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரமாகும் என்றார்கள். அந்த இரண்டு வாரமும் பாடசாலை விட்டு வந்து, முகக்கவசத்தைக் கழற்றாமலே அவருக்குச் சோறு போட்டேன்.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் நீரிழிவுக்காரர் இருக்கலாம். நான் சொன்ன “வேணாங்க”வை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு ஏறும் படிகளில் அவர் இரண்டு இடத்தில் நிற்கிறார். நானும் நிற்கிறேன். அவருக்கு மூச்சு வந்து சேரும்வரை நானும் மூச்சுவிடாமல் நிற்பதை, நெஞ்சு வலித்த பிறகுதான் உணர்கிறேன்.