மாமியின் வீடும் நான் சீவிய மாம்பழமும்

நான் ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்டவள். அதை மறைக்கப் போவதில்லை.

லண்டனில், விம்பிள்டனில் தனியாக இருக்கும் என் மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்த வீடு இருக்கிறது. அதனால் ஞாயிறுதோறும் என் அண்ணை பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழோடு வருவார்; நான் மாம்பழத்தோடு போவேன். மாமிக்குக் கண் மங்கிவிட்டதால், லைப்ரரியில் எடுத்த பழைய ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். விக்டோரியா மகாராணி காலத்து நகைச்சுவைக் கதை. பணக்காரக் கிழவர் ஒருவரின் உயிலுக்காகச் சொந்தக்காரர்கள் அவரையே சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருத்தி பழம் சீவி ஊட்டுவாள். அந்த இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மாமி சிரிக்கவில்லை. “இந்தக் கதையிலை நீ ஆர், பிள்ளை?” என்று கேட்டார்.

என் கையில் கத்தியும் பாதி சீவிய மாம்பழமும் இருந்தன. அண்ணை அவசரமாக, “நாங்கள் பாசத்திலையெல்லோ வாறம், மாமி” என்றார். அந்தப் பொய்க்குத் துணைபோக எனக்கு வாய் வரவில்லை.

“பழம் சீவுறவள்தான் மாமி. வீட்டை நினைச்சுத்தான் வந்தனான்” என்றேன்.

“வீடு நாயளைப் பராமரிக்கிற தரும நிறுவனத்துக்கு. எப்பவோ எழுதிப்போட்டன்” என்றார் மாமி. “இனியும் வருவியோ?”

“வருவன். கதை முடியேல்லை.”

அண்ணை அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. “வீடுமில்லை, பிறகேன் போறாய்?” என்று என்னைக் கேட்கிறார். பாசமா என்று எனக்கே தெரியாது. யாருக்கும் விளக்கம் சொல்லவும் போவதில்லை. ஞாயிறு தவறாமல் போகிறேன். மாம்பழத்தில் பாதியை இப்போது நானே சாப்பிடுகிறேன்.