ஜமீலா செய்யாத பிழை

ராஜபாளையம் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் வேலுச்சாமி மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு வாசலில் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே ஜமீலா பீவி அவர்களின் கட்டுரை இருக்கும். சென்ற செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு நின்றார்.

"கவர் எங்கே?"

"இனிமே கவர் வராது டீச்சர். ஜமீலாம்மா விடியக்காலம் தவறிட்டாவ."

ஜமீலா அவர்கள் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். சுற்றுச்சூழல் என்ற சொல்லே எங்கள் பக்கம் புழங்காத எண்பதுகளின் தொடக்கத்தில், கண்மாய்த் தண்ணீரையும் பருத்திக்கு அடிக்கும் மருந்தையும் செண்பகத்தோப்பு மலை அணிலையும் பற்றித் தமிழில் எழுதியவர். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு முன் அப்படி எழுதியவர் எவரையும் நான் அறியேன்.

முதலில் பஸ்ஸில்தான் பார்த்தேன். மடியில் ஒயர் கூடை. அதில் வரிசையாகச் சோதனைக்கு எடுத்த கண்மாய்த் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள். "என்னம்மா, கலர் சோடாவா?" என்று கேட்டார் பக்கத்தில் நின்றவர். "குடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. பொறவு பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டிய" என்றார் ஜமீலா.

அன்று கையில் வைத்திருந்த கட்டுரையை வாங்கிப் படித்தேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். பிழையைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாது. பதினேழு பிழைகள் என்றேன். "அம்புட்டுதானா அக்கா? என் தம்பி இன்னும் கூடச் சொன்னான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர் எழுதியதைத் திருத்திப் படியெடுத்து மதுரைப் பத்திரிகைக்கு அனுப்புவது என் வேலையாயிற்று. கணவரை இழந்திருந்த எனக்கு அந்த வேலை எவ்வளவு தேவைப்பட்டது என்று அவரிடம் நான் சொன்னதேயில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் அந்த ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டுவார். அதன் பிறகே அச்சுக்குக் கொடுப்பார். "ஏட்டி ஜமீலா, அந்தக் கிணறு வத்தி ரெண்டு வருசமாச்சு" என்று யாராவது சொன்னால் அங்கேயே அடித்துவிடுவார். விஞ்ஞானத்துக்கு ஊர்க்கூட்டமா என்று நான் கேலி செய்வேன்.

வத்திராயிருப்புப் பக்கம் ஒரு சிற்றூர். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். பருத்திக்கு மருந்தடித்த டின்களை அங்கே ஒரு கிணற்றடியில் கழுவினார்கள். தண்ணீரில் மருந்து கலந்திருப்பது சோதனையில் தெரிந்தது. கட்டுரையோடு ஒரு துண்டுச் சீட்டும் வந்தது: "அக்கா, காய்ச்சல். இன்னும் ஊரில் வாசிக்கவில்லை. அவசரமென்றால் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு அனுப்புங்கள்." நான் பெயரை எடுக்கவில்லை. பெயரில்லாத உண்மை வதந்தி என்பது என் கட்சி.

அந்த ஊர் மாடுகள் அந்தக் கிணற்றில் குடிப்பதில்லை. வாசித்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். பத்திரிகை வந்ததும் பால்கோவா கிண்டுகிறவர்கள் அந்த ஊர்ப் பாலே வேண்டாம் என்றார்கள். கறந்த பாலை ஊர்க்காரர்கள் தரையில் கொட்டினார்கள். பேச்சியம்மாள் என்பவர் தம் எருமையை விற்றார்.

ஜமீலா காய்ச்சல் விட்டதும் அந்த ஊருக்குப் போனார். "எழுதினது நான். தப்பு என் மேல" என்றார். அவர்களின் பால் கேனோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, பால்கோவா கிண்டும் அடுப்படி அடுப்படியாக ஏறி, எல்லாரும் பார்க்க ஒரு டம்ளர் பால் குடித்தார். பாலை மறுபடி வாங்கும்வரை பல மாதங்கள் இப்படி அலைந்தார். அந்தக் கிணற்றடியில் டின் கழுவுவதும் அதோடு நின்றது.

உண்மையை நான் சொல்லிவிடட்டுமா என்று ஒரு முறை, ஒரே முறை, கேட்டேன். "சொன்னா ரோசத்துல திருத்துறதையே நிறுத்திருவிய அக்கா. பொறவு என் பிழையை யாரு பிடிக்கிறது?" என்றார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இத்தனை காலம் வசதியாக ஒளிந்திருந்தேன்.

செவ்வாயன்று அவர் வீட்டில், உடலை எடுக்கும் முன் அவருடைய தம்பி வழக்கப்படி வந்தவர்களிடம் கேட்டார்: "எங்க அக்காவால யாருக்காச்சும் மனக்குறை இருந்தா மன்னிச்சிருங்க." பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவிய எழுதின அந்த ஒரு தப்பையும் நாங்க அன்னைக்கே மன்னிச்சாச்சு."

நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் பிழைக்கான மன்னிப்பும் அவரோடு போயிற்று.

நேற்று அந்த ஊருக்குப் போனேன். இதுவரை எழுதியதைப் பேச்சியம்மாளையும் மற்றவர்களையும் உட்கார வைத்து வாசித்தேன்.

"இதச் சொல்ல அவிய சாகணுமா டீச்சர்?" என்றார் பேச்சியம்மாள்.

பிறகு அவரே, "எருமைய நான் விக்கல. மக வீட்டுல விட்டிருந்தேன். அதத் திருத்துங்க" என்றார். திருத்தப் பேனாவை எடுத்தேன். எடுத்தவள் மூடிவிட்டேன். நான் விசாரிக்காமல் எழுதியது மேலே அப்படியே நிற்கட்டும். அவர் சொன்னது இங்கே இருக்கட்டும்.

கிளம்பும்போது ஒரு டம்ளர் பால் கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தேன்.

ஜமீலா, நீங்கள் சுமந்தது என் பிழை. ஊரில் வாசித்துவிட்டேன், இனி அச்சுக்குப் போகலாம். போய் வாருங்கள்.