நீளாத கைகள்

இன்று காலை வெள்ளவத்தை வீட்டில் சாரலுக்கு ஜன்னலைச் சாத்தியபோது உள்ளங்கையில் ஒட்டிய துருவின் மணம், கொட்டாஞ்சேனையில் கயிறு சேமிக்கும் கிட்டங்கியின் பின்னால் இருந்து இப்போது இல்லாமற்போன எங்கள் குத்துச்சண்டைக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோனது. தும்பு மணக்கும் அந்தக் கொட்டகைச் சுவரில், மாதம் ஒருமுறை மூலையில் ஒரு கையை வைத்து மறுகையை நீட்டி, அது எட்டும் இடத்தில் வெண்கட்டியால் கோடிட்டுப் பெயர் எழுதுவோம். என் கோடு எப்போதும் பள்ளித் தோழன் பிரான்சிசின் கோட்டுக்கு நாலு விரற்கடை உள்ளேயே விழும்.

கை நீளும் என்று நம்பி, தினமும் கொட்டகை வாசலுக்கு மேலே குறுக்கே போன துருப்பிடித்த இரும்புக் கம்பியில் நூறு எண்ணும்வரை தொங்கினேன். பயிற்சியே செய்யாத பிரான்சிஸ் கயிற்றுச் சுருளில் சாய்ந்து கடலை கொறித்தபடி, "தொங்கு மச்சான், தொங்கு. வௌவாலாகப் போறாய்" என்பான்.

எங்கள் இருவரையும் மோதவிட்டு வெல்பவனைத்தான் பள்ளிக்கூட அணிக்கு எடுப்பார்கள் என்றானதும், சுவர் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். இரண்டு சுற்றுகள் அவன் நீண்ட கைகள் என் மூக்கைத் தேடித் தேடி வந்தன. நான் அவனை எட்டவே இல்லை. மூன்றாம் சுற்றில் அந்தக் கைகள் இடுப்புவரை இறங்கிவிட்டன. கம்பியில் தொங்கிப் பழகிய என் தோள்கள் மட்டும் தளரவில்லை, கிட்டப்போய் அடித்தேன்.

"போதுமடா, கையத் தூக்க ஏலாது!" என்றான் பிரான்சிஸ்.

அணியில் சேர்ந்ததைவிட, இனிக் கை நீளவேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். மறுமாதம் என் கோடு பழைய இடத்திலேயே விழுந்தது. வழக்கம்போல் தொங்கப் போனேன். பின்னால் பிரான்சிசின் குரல்:

"கொஞ்சம் தள்ளித் தொங்கு மச்சான், எனக்கும் இடம் வேணும்."