அம்மன் தேருக்கு ஒரு கியர் பொக்ஸ்

ஹட்டனில் மஃறூப் நானாவின் கராஜில், எண்ணெய் ஊறிய சாக்கின் மேல் இரண்டு கியர் பொக்ஸ் கிடந்தன. ஒன்று காரிலிருந்து கழற்றியது. மூன்று கியர், துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். மற்றது இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பட்டாள லொறியினுடையது. நாலு கியர், சேறு காய்ந்து, பன்றிக்குட்டி படுத்திருப்பதுபோல் இருந்தது.

டிரைவர் பழனியாண்டி இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் பஸ் ஏறியதிலிருந்தே அவனுக்கு நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தோட்டத்துப் பெரிய கங்காணியும் கோயில் தலைவருமான நல்லமுத்து கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றார். "பிக்கப்புக்கு ஏறுகிற கியர் பொக்ஸைப் போட்டு வாருங்கள்" என்று தோட்டத்துத் தொரை எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

பழனியாண்டி அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். யுத்தகாலத்தில் லொறிக்குக் கிளீனராக ஏறி, ஏற்றத்துக்கு ஏற்றம் சக்கரத்துக்குக் கட்டை வைத்தே மலைப்பாதையெல்லாம் படித்தவன். ஐம்பத்திரண்டில் லைசென்ஸ் எடுத்துத் தோட்டத்துப் பிக்கப்புக்கு டிரைவரானான். உரமூட்டை, அரிசி, தேயிலைக் கொழுந்துச் சாக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகள், எல்லாம் பத்து வருஷமாக அவனை நம்பித்தான் மலை இறங்கி ஏறின. வெள்ளிக்கிழமை விரதம் தவறமாட்டான். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பமாட்டான். அவனைக் கோபக்காரன் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் சொன்னதில்லை. இந்தக் கோபத்துக்கு வயசு ஒரு வருஷம்தான்.

வருஷாவருஷம் பங்குனியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா நடக்கும். மூங்கிலும் கலர்த்தாளும் கட்டி அந்தப் பிக்கப்பைத்தான் தேராக்குவார்கள். கரகமும் காவடியும் முன்னே போகும். தீச்சட்டி ஏந்திய பெண்கள் பின்னே வருவார்கள். ஆள் நடக்கிற வேகத்துக்கு மேலே தேர் போகக்கூடாது. அந்த வண்டியின் முதல் கியரோ அவ்வளவு மெதுவாகப் போகத் தெரியாத கியர். கிளச்சை அரைவாசி மிதித்துப் பிடித்தபடியே பழனியாண்டி ஓட்டுவான். கிளச் கருகுகிற வாடையைச் சாம்பிராணிப் புகை மறைத்துவிடும்.

போன வருஷம் பத்தாம் லயத்து ஏற்றத்தில் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தது. பிரேக் பிடிப்பதற்குள் வண்டி ஒரு முழம் பின்னுக்கு உருண்டது. பின்சக்கரத்துக்குக் கிட்டத்தில் வெறுங்காலோடு தீச்சட்டி ஏந்தி வந்துகொண்டிருந்த கொழுந்துக்காரி ராக்காயியின் இடது பாதம் அதில் அகப்பட்டது. அவள் போட்ட சத்தம் தப்பு முழக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பழனியாண்டிக்குக் கேட்டது.

நல்லமுத்து பார்த்ததெல்லாம் தீச்சட்டி விழுந்து உடைந்ததைத்தான். "தீட்டோட வந்திருக்கா இவ! அதான் ஆத்தா தேரப் பின்னுக்குத் தள்ளிட்டா!" என்று கையை நீட்டினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கியர் துள்ளுகிறது என்று அந்த மாசத்திலேயே மூன்று தரம் நல்லமுத்துவிடம் போய்ச் சொன்னவன் பழனியாண்டி. ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஆத்தாளின் கோபம் என்று பேச்சு வந்ததும், தன்மேல் விழவேண்டிய பழி தாண்டிப் போய்விட்டது என்று ஒரு நிம்மதி வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

ராக்காயியின் பாத எலும்பு கோணலாகக் கூடியது. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாமல், தேயிலை ஸ்டோரில் தூளிலிருந்து குச்சி பொறுக்கப் போட்டார்கள். லயத்துத் தண்ணீர்ப் பீலியில் மற்றப் பெண்கள் எல்லாரும் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை அவள் குடத்தோடு தள்ளி நிற்கவேண்டும். கோயில் வாசலை மிதிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"என்னா டைவர், மொறச்சுப் பாத்தா அதுகளே ஓடிவந்து வண்டியில ஏறிக்குமா?" என்றார் மஃறூப்.

"நானா, எது நல்லது? நீங்களே சொல்லுங்க."

"மூணு கியரு அளந்து செஞ்ச மாதிரி ஏறும். நாளைக்கே வண்டிய எடுக்கலாம். பட்டாளத்துப் பொட்டி நீளம் கூட. பின் சக்கரத்துக்குப் போற சாப்ட்ட வெட்டி ஒட்டணும், தரப்பலகையில புது ஓட்ட போடணும், கிளச்சுத் தட்டும் மாத்தணும். அஞ்சு நாளாகும். ஆனா அதோட மொதக் கியரு இருக்கே, எருமதான். ஒரு லயத்தையே கட்டி இழுத்தாலும் வரும். நடந்துதான் வரும்."

"திருவிழாவுக்கு எட்டு நாளு கெடக்கு. அஞ்சு நாளு வண்டி இங்க படுத்தா தேர எப்பக் கட்டுறது? மூணு கியரையே பூட்டுங்க மொதலாளி. டவுனுக்கும் வெரசா வந்து போகலாம்" என்றார் நல்லமுத்து.

"ஐயா, இதுவும் ஏத்தத்துல மெதுவாப் போகாது. மறுபடியும் கிளச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டணும். போன வருசம்..."

"போன வருசம் நடந்தது தீட்டால நடந்தது. இந்த வருசம்தான் அவ கிட்டவே வரப்போறதில்லையே. அப்புறம் என்னடா?"

பழனியாண்டி மூலைக்குப் போனான். பிக்கப்பிலிருந்து கழற்றிய பழைய கியர் பொக்ஸ் அங்கே திறந்து கிடந்தது. எண்ணெய்க்குள் முழங்கை வரை விட்டு முதல் கியர்ச் சக்கரத்தை உருவி எடுத்தான். பல்லெல்லாம் சரிவாகத் தேய்ந்து, சப்பிப்போட்ட மாங்கொட்டைபோல் இருந்தது. கங்காணியின் மூக்குக்கு நேரே அதைப் பிடித்தான். எண்ணெய் அவர் கோட்டில் சொட்டியது.

"இதத் தேச்சது எந்தப் பொம்பளையோட தீட்டுங்க ஐயா? சொல்லுங்க!"

"டேய், யாருகிட்டப் பேசுற?"

"ஒங்ககிட்டத்தான். மூணு தடவ வந்து சொன்னேனே, அப்பவும் ஒங்ககிட்டத்தான் பேசுனேன்! மூணு கியரப் பூட்டுனா நீங்களே தேர ஓட்டிக்கங்க. நான் தொட மாட்டேன்."

"ஆத்தாளுக்கு ஓட்ட மாட்டேங்கிறியா?"

"ஆத்தாளுக்கு ஓட்டுவேன். ஒங்க பொய்ய ஏத்திக்கிட்டு ஓட்ட மாட்டேன்."

நல்லமுத்து துணைக்கு மஃறூப்பைப் பார்த்தார். மஃறூப் கையைத் துடைத்துக்கொண்டே, "பல்லுத் தேஞ்சா கியரு துள்ளும் கங்காணி. அதுக்கு எங்க பள்ளிவாசல்லயும் ஓத ஒண்ணுமில்ல" என்றார்.

தோட்டத்தில் லைசென்ஸ் உள்ளவன் பழனியாண்டி ஒருவன்தான். நல்லமுத்து தொரையின் துண்டுக் காகிதத்தைச் சாக்கின் மேல் வீசிவிட்டு வெளியே போனார். மஃறூப் காலால் பட்டாளத்துப் பெட்டியைத் தட்டி, "அப்ப இந்த எருமதான்" என்றார்.

கியர் வழக்கு தீர்ந்தது. கோபம் தீரவில்லை. ஐந்து நாளும் பழனியாண்டி கராஜிலேயே நின்று, ஒவ்வொரு போல்ட்டையும் தானே ஒருதரம் இறுக்கிப் பார்த்தான். ஆறாம் நாள் பின்னேரம் வண்டியைக் கொண்டுவந்து கோயிலடியில் நிறுத்தினான். திருவிழா ஏற்பாட்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சாக்கில் சுற்றி வைத்திருந்த பழைய கியர்ச் சக்கரத்தை எடுத்து வாசல்படியில் வைத்தான்.

"இரும்பக் கொண்டாந்து கோயில் படியில வைக்கிறதா?" என்று ஒருவர் எழுந்தார்.

"சூலம் எதுல செஞ்சதுங்க?" என்றான் பழனியாண்டி. அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தப் பல்லப் பாருங்க எல்லாரும். போன வருசம் இதுதான் துள்ளுச்சு. முன்னாடியே சொன்னேன், கேக்கல. அது தலைவரு தப்பு. தெரிஞ்சும் அன்னைக்கு வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். அது என் தப்பு. ராக்காயி மேல தப்பில்ல. எல்லாத்தையும் ஆத்தா தலையில கட்டுனோமே, அவ மேலயும் தப்பில்ல!"

நல்லமுத்து அந்தச் சக்கரத்தைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி மாயாண்டி இறங்கி வந்து பல்லை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு இலையில் திருநீறு எடுத்து வந்து நீட்டினார். "இத அவகிட்டக் குடு. தேருக்கு வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

ராக்காயி தன் லயத்துக் காம்பரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை முறம் நிற்கவில்லை.

"ஒரு வருசம்ணே" என்றாள் பிறகு. "பீலியில கடைசி ஆளா நின்னேன். தண்ணிக்கு வர்ற ஒம் பொண்டாட்டிகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல? அவளும்தானே கொடத்தத் தள்ளி வச்சா?"

பழனியாண்டி இலையை நீட்டினான்.

"ஆத்தா குடுத்தா வாங்கிக்கிறேன். ஒங்கையால வேணாம். அங்கன வச்சிட்டுப் போ."

வாசலில் வைத்தான். திரும்பி நடந்தவனை அவள் குரல் நிறுத்தியது.

"தேருக்கு வர்றேன். பின்னாடி வர மாட்டேன். முன்னாடிதான் நடப்பேன். நீ எங் காலப் பாத்துக்கிட்டே ஓட்டு."

திருவிழா அன்று தேர் பத்தாம் லயத்து ஏற்றத்துக்கு வந்தது. பழனியாண்டி ஸ்டியரிங்கைக் கண்ணில் ஒற்றி, தரையிலிருந்து புதிதாக முளைத்த கியர்க் கம்பியை முதல் கியருக்குத் தள்ளி, கிளச்சிலிருந்து காலை முழுசாக எடுத்தான். எஞ்சின் உறுமியது. வண்டி ஊர்ந்தது. முன்னே ராக்காயி தீச்சட்டியோடு, இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவள் நடைக்குக் கரகக்காரர்களும் மெதுவானார்கள். அவளுக்கு மூன்று முழம் பின்னால், அதே நடையில், தேர் வந்தது.

ஏற்றத்தின் நடுவில் அவள் நின்றாள். களைத்துப்போய் நின்றாளா, வேண்டுமென்று நின்றாளா என்று தெரியவில்லை. பழனியாண்டி பிரேக்கை மிதித்தான். தேர் ஒரு விரற்கடைகூடப் பின்னே போகவில்லை. தப்புக்காரர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் மறுபடி நடக்கத் தொடங்கினாள். அவனும் கிளப்பினான்.

கருகல் வாடை இல்லை. சாம்பிராணி மட்டும் மணத்தது. கோயில் வாசல் வரைக்கும் அவன் அந்தக் கோணல் பாதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.